கோலோ ரேக்குக்கு கொறஞ்ச செலவுல எந்த சுவிட்ச்? நீங்க கேட்டதும் நான் சொல்லுறதும்

மார்த்தாண்டம், களியக்காவிளை, பார்டர் தாண்டினா பாறசாலை, நெய்யாற்றின்கரைன்னு நம்ம பக்கத்து ஆளுங்க நெறைய பேரு இப்ப ரெண்டு மூணு சர்வர் சொந்தமா வாங்கி திருவனந்தபுரத்துல டேட்டா சென்டர்ல ரேக்குல வாடகைக்கு இடம் எடுத்து வெக்கிறாங்க, அதத்தான் கோலோன்னு சொல்லுறது. சர்வருக்கு ராம் எவ்வளவு, டிஸ்க் என்னன்னு மாசக்கணக்கா யோசிப்பாங்க, அந்த சர்வர எல்லாம் நெட்வொர்க்ல இணைக்குற சுவிட்ச்னு வரும்போது கைல கெடச்சத வாங்கிட்டு போயிடுவாங்க, அங்கதான் பிரச்சனையே ஆரம்பிக்குது. பத்து வருசத்துக்கு மேல இதே வேலையா அலையுதேன், அதனால என்கிட்ட வந்த கேள்விக்கு எல்லாம் இங்க ஒண்ணா பதில் எழுதிடுறேன். ஒரு விசயத்த மட்டும் மொதல்லயே சொல்லிடுறேன், சுவிட்ச் விலைங்குறது பில்லுல இருக்குற தொக மட்டும் இல்ல, பாதி ராத்திரி நீங்க பாலராமபுரம் தாண்டி ஓடவேண்டி வருமா வராதாங்குறதும் சேந்துதான் விலை.

மார்த்தாண்டத்துல சாஃப்ட்வேர் கம்பெனி வெச்சிருக்க தம்பி: அண்ணா, மூணு சர்வர்தான், 8 போர்ட் டெஸ்க்டாப் சுவிட்ச் ஒண்ண சர்வர் மேல வெச்சா போதாதா?

போதாது தம்பி, எண்ணிப் பாரு. ஒரு சர்வருக்கு டேட்டா ரெண்டு போர்ட், சர்வர தூரத்துல இருந்து கட்டுப்படுத்துற ஐடிராக் இல்லன்னா ஐஎல்ஓ ஒண்ணு, ஆக மூணு, மூணு சர்வருக்கு 9. டேட்டா சென்டர்காரன் தர்ற அப்லிங்க், அதாவது வெளிய போற லைன், ஒண்ணோ ரெண்டோ, நீ லேப்டாப்போட போய் நின்னா சொருக ஒண்ணு, 12 ஆச்சு. 24 போர்ட் வாங்கினாலும் அதே 1யு இடம்தான், அதாவது 44.45 மில்லிமீட்டர் ஒசரம், வாடகை ஏறாது.

அப்புறம் இன்னொண்ணு, அந்த சின்ன சுவிட்சுக்கு சுவத்துல சொருகுற அடாப்டர் வரும்ல்லா, ரேக்ல கரண்ட பிரிச்சுக் குடுக்குற பிடியூல பெரும்பாலும் சி13 சாக்கெட்டுதான் இருக்கும், உன் அடாப்டர் அதுல ஏறவே ஏறாது. அன்மேனேஜ்டு சுவிட்சுல, அதாவது உள்ள எதையும் மாத்த முடியாத சுவிட்சுல, ஒரே சுவிட்ச தனித்தனி நெட்வொர்க்கா பிரிக்குற வீலேனும் கிடையாது, எந்த போர்ட்ல என்ன ஓடுதுன்னு வீட்ல இருந்து பாக்கவும் வழி கிடையாது. மேனேஜ்டு, 24 போர்ட், ரேக் மவுண்ட், இதுக்குக் கீழ போகாத.

நாகர்கோவில்ல இருந்து ஒரு அக்கா: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய சிஸ்கோ கொறஞ்ச விலைக்கு கெடைக்குது, புதுசா மைக்ரோடிக்கும் கெடைக்குது, எது வாங்கட்டும்?

அக்கா, ரெண்டும் நல்லதுதான், ஆனா ரெண்டுலயும் குழி எங்க இருக்குன்னு தெரிஞ்சு வாங்கணும்.

பழசு வாங்குறதா இருந்தா மாடல் நம்பர எழுத்து எழுத்தா படிங்க. 2960னு மட்டும் பாத்து வாங்கிட்டு வந்து அது 2960-24டிடின்னு தெரிஞ்சவங்க உண்டு, அதுல 24 போர்ட்டும் 10/100 எம்பிபிஎஸ்தான், ரெண்டு அப்லிங்க் மட்டும்தான் கிகாபிட். 2960ஜி, 2960எக்ஸ் இதெல்லாம் கிகாபிட். 3750லயும் அதே கததான், பேருக்குப் பின்னால ஜி இருக்கான்னு பாருங்க. ஜூனிபர் இஎக்ஸ்2200 கெடச்சாலும் தாராளமா எடுக்கலாம், கிகாபிட்டுதான், அப்லிங்குக்கு நாலு எஸ்எஃப்பி ஓட்டையும் இருக்கு, ஃபைபர் மாட்யூல் சொருகுற எடம் அது.

பழைய சிஸ்கோவுல கட்டாயம் செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு. 2018ல ஸ்மார்ட் இன்ஸ்டால்னு ஒரு வசதில பெரிய பாதுகாப்புக் கொறை வெளிய வந்துச்சு, சிவிஇ-2018-0171ன்னு நம்பர், 4786 போர்ட் தெறந்து கெடந்த சுவிட்சுகள உலகம் பூரா ஆளுங்க உள்ள பூந்து கான்ஃபிகரேசனையே அழிச்சாங்க. அந்த வசதி பழைய கேட்டலிஸ்ட்ல, அதாவது இந்த 2960, 3750 மாதிரி சிஸ்கோ சுவிட்சுல, தானாவே ஆன்ல இருக்கும். "நோ வீஸ்டாக்" (no vstack)னு ஒரு கமாண்டு, சுவிட்ச ரேக்ல ஏத்துறதுக்கு முன்னாலயே அடிச்சிடுங்க. மேனேஜ்மென்ட் ஐபிய பப்ளிக்ல வைக்கவே வைக்காதீங்க, பழசுக்கு புது சாஃப்ட்வேர் வராது, அதனால அத வெளில காட்டாம இருக்கறதுதான் காவல். பாஸ்வேர்டு தெரியாம வந்தா கவலப்படாதீங்க, மோடு பட்டன அமுக்கிப் பிடிச்சுட்டு கரண்ட் குடுத்தா ரெக்கவரிக்கு வழி இருக்கு.

மைக்ரோடிக் சிஆர்எஸ்326, 24 கிகாபிட்டும் 10ஜி ஓடுற எஸ்எஃப்பி பிளஸ் ரெண்டும் உள்ள மாடல், நம்ம மாதிரி சின்ன ரேக்குக்கு நான் அதிகமா சொல்லுறது அதுதான். ஃபேன் கிடையாது, கரண்டு ரொம்பக் கொஞ்சம். ஆனா அத ரவுட்டர் மாதிரி நினைச்சு நேட், ஃபயர்வால்னு ஏத்தினீங்கன்னா தவங்கிப் போகும், அதுல இருக்குற சிபியூ அதுக்கு இல்ல. மைக்ரோடிக்குள்ள ஓடுற ரவுட்டர் ஓஎஸ்ல வீலேன் போடும்போது எல்லா போர்ட்டையும் ஒரே பிரிட்ஜ்ல, அதாவது ஒரே கூட்டத்துல, வெச்சு வீலேன் ஃபில்டரிங் ஆன் பண்ணுங்க, ரெண்டாவதா ஒரு பிரிட்ஜ் போட்டா அந்த பிரிட்ஜ் டிராஃபிக் சிப்ப விட்டுட்டு சிபியூ வழியா போகும், கிகாபிட் சுவிட்ச் மாட்டு வண்டி மாதிரி ஆயிடும். நெறைய பேரு மைக்ரோடிக் ஸ்லோன்னு சொல்லுறது இதனாலதான்.

என் பழக்கம் என்னன்னா, பழசு வாங்கினா ஒரே மாடல்ல ரெண்டு. ஒண்ணு ரேக்ல ஓடும், இன்னொண்ணு அதே கான்ஃபிகரேசனோட வீட்ல பெட்டில இருக்கும். ரெண்டு பழசு சேந்தாலும் புது பிராண்டு ஒண்ணோட விலை வராது.

பாறசாலைல இருந்து ஒரு சார்: நல்ல ஏசி ரூம்ல இருந்தும் என் சுவிட்ச் கைவைக்க முடியாத சூடு, ஏன்?

சார், சுவிட்ச் போர்ட் எந்தப் பக்கம் பாத்து இருக்கு? எனக்கே இது நடந்துச்சு, சொல்லுதேன். சர்வர்ல நெட்வொர்க் ஓட்டை எல்லாம் பின்னால, அதனால கேபிள் நீளம் கொறையட்டும்னு சுவிட்சையும் பின்பக்கமா மாட்டினேன். ரேக் பின்பக்கம் சூட்டுக் காத்து வெளிய வர்ற எடம். என் சுவிட்சோ போர்ட் பக்கமா காத்த இழுத்து பின்னால தள்ளுற மாடல். அதாவது மூணு சர்வரும் ஊதுற வெந்நிக் காத்த அது மூஞ்சில வாங்கி குடிச்சுட்டு இருந்துச்சு. கதவத் தெறந்து சுவிட்ச் முகப்புல கைய வெச்சேன், பால் காய்ச்சுன பாத்திரம் மாதிரி இருந்துச்சு, உள்ள ஃபேன் முழு வேகத்துல கத்துது. அத அப்படியே முன்பக்கம் திருப்பி மாட்டி, ஒரு 1யு பிரஷ் பேனல் வழியா கேபிள முன்னால கொண்டு வந்தேன், அன்னைக்கே அடங்கிடுச்சு.

பெரிய சுவிட்சுகள்ல காத்து எந்தப் பக்கமா போகணும்னு ரெண்டு விதமாவும் மாடல் வரும், பின்பக்கம் மாட்டுறதா இருந்தா போர்ட் பக்கமா காத்த வெளிய விடுறத கேட்டு வாங்குங்க. விலை கொறஞ்ச பல மாடல்ல காத்து பக்கவாட்டுல போகும், ரேக் சைடு பேனலோட ஒட்டி இருந்தா மூச்சு முட்டும். ஃபேன் இல்லாதத மாட்டினா மேலயும் கீழயும் 1யு காலி விட முடிஞ்சா விடுங்க.

அதே சார்: ஒரே பவர் சப்ளைதான் இருக்கு, பயமா இருக்கு.

டேட்டா சென்டர்ல ஏ, பின்னு ரெண்டு லைன் தருவாங்க. சர்வருக்கு ரெண்டு சப்ளை இருக்கும், சுவிட்சுக்கு ஒண்ணுதான், ஏ லைன் போச்சுன்னா சர்வர் எல்லாம் உயிரோட இருக்கும், ஆனா வெளிய இருந்து யாராலயும் அத எட்ட முடியாது. ரேக்ல மாட்டுற ஏடிஎஸ், அதாவது ஒரு லைன் போனா தானா இன்னொண்ணுக்கு மாறுற பெட்டி, ஒண்ணு வாங்கினா ரெண்டு லைனையும் அதுல குடுத்து சுவிட்ச அதுல சொருகலாம். இல்லன்னா ரெண்டு சின்ன சுவிட்ச் வாங்கி ஒண்ணு ஏ லைன்ல, ஒண்ணு பி லைன்ல போட்டு, ஒவ்வொரு சர்வர்லயும் ஒரு கால் இதுல ஒரு கால் அதுல வெச்சு ரெண்டு போர்ட்ட ஒண்ணாச் சேக்குற பாண்டிங்க ஆக்டிவ் பேக்கப் மோடுல போடுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு எடுத்துக்கும். எனக்கு ரெண்டாவதுதான் புடிக்கும், சுவிட்சே செத்தாலும் தாங்கும்.

தக்கலைல இருந்து ஒரு தம்பி: 10ஜி வாங்கணுமா அண்ணா?

சர்வருக்கும் சர்வருக்கும் நடுவுல பேக்கப், ஸ்டோரேஜ் ஓடுதுன்னா வேணும். வெளிய போறது 100 எம்பிபிஎஸ் லைன்தான்னா அதுக்காக வேண்டாம். சர்வர் சர்வரா 10ஜில இணைக்க ரெண்டு முனைலயும் எஸ்எஃப்பி சேந்தே வர்ற டேக் (DAC) கேபிள் போதும், ஒரே ரேக்குக்குள்ள அதுக்கு மேல என்ன தூரம். தாமிரத்துல ஓடுற 10ஜி எஸ்எஃப்பி நல்லா சூடாகும், ஃபேன் இல்லாத சுவிட்சுல அத அடுத்தடுத்து சொருகாத.

ஒண்ணு கவனி, 10ஜி சர்வர் 1ஜி சர்வருக்கு அனுப்பும்போது நடுவுல பாக்கெட்ட கொஞ்ச நேரம் பிடிச்சு வெக்கிற சுவிட்ச் பஃபர்தான் தாங்கணும். விலை கொறஞ்ச சுவிட்சுல 1.5 எம்பி பஃபர்னு வெச்சுக்கோ, அது 12 மெகாபிட். உள்ள 10 கிகா வருது, வெளிய 1 கிகா போகுது, மிச்சம் 9 கிகா தேங்குது, 12 மெகாபிட் நெறைய ஒண்ணே கால் மில்லிசெகண்ட் சொச்சம்தான், அப்புறம் பாக்கெட் கீழ விழும். சராசரி கிராஃப் காலியாத்தான் காட்டும், ஆனா அப்ளிகேசன் மட்டும் தட்டுத் தடுமாறும். அந்த நேரத்துல போர்ட்ல டிராப் கவுண்டர பாரு.

குழித்துறைல இருந்து: எல்லாம் மாட்டி அப்லிங்க் சொருகினதும் லிங்க் வந்து உடனே செத்துப்போச்சு, மூணு தடவ ஆச்சு, சுவிட்ச் கெட்டதா?

சுவிட்ச் நல்லாத்தான் இருக்கும். உங்க சுவிட்ச், பாக்கெட் சுத்திச் சுத்தி வர்ற லூப்ப தடுக்குற ஸ்பேனிங் ட்ரீக்கு பிபிடியூன்னு ஒரு பாக்கெட் அனுப்பும், டேட்டா சென்டர்காரங்க கஸ்டமர் போர்ட்ல பிபிடியூ கார்டுன்னு ஒரு காவல் போட்டிருப்பாங்க, அது வந்ததும் போர்ட்ட மூடிடும். அப்லிங்க் போர்ட்ல மட்டும் பிபிடியூ ஃபில்டர் போடுங்க, அப்புறம் அவங்களுக்கு டிக்கெட் போட்டு மூடுன போர்ட்ட தெறக்கச் சொல்லுங்க. ஆனா ரெண்டு அப்லிங்க் இருந்தா, அத எல்ஏசிபில ஒண்ணாக் கட்டாம ஃபில்டர் போட்டுடாதீங்க, லூப் வந்து உங்க ரேக்கோட பக்கத்து ரேக்கும் சேந்து படுக்கும்.

மார்த்தாண்டம் தம்பி திரும்பவும்: பில்லு 95 பெர்சென்டைல்னு போடுறாங்க, சரியா போடுறாங்களான்னு சுவிட்ச வெச்சு பாக்க முடியுமா?

முடியும், மேனேஜ்டு வாங்கச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம். அஞ்சு நிமிசத்துக்கு ஒரு அளவு எடுப்பாங்க, 30 நாளைக்கு 8,640. அதுல ஒசந்த 5 சதவீதம், 432 அளவ தூக்கிப் போட்டுட்டு அடுத்தது எதுவோ அதுதான் உன் பில்லு. 432ன்னா 36 மணி நேரம், அதனால ராத்திரி பேக்கப்ப மாசத்துல மொத்தம் 36 மணிக்குள்ள முடிச்சா அது பில்லுல ஏறாது. நீயும் சுவிட்ச் கவுண்டர தூரத்துல இருந்து படிக்குற எஸ்என்எம்பில அப்லிங்க் போர்ட்ட அளந்து வெச்சுக்கோ, ஆனா 64 பிட் கவுண்டர எடு. பழைய 32 பிட் கவுண்டர் கிகாபிட் முழு வேகத்துல 34 செகண்டுல சுத்தி பூஜ்யத்துக்கு வந்துடும், அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவ படிச்சா கணக்கு பூரா தப்பு.

களியக்காவிளை சந்தை பக்கம் கட வெச்சிருக்க அண்ணன்: கட தமிழ்நாடு, மதிலுக்கு அந்தப் பக்கம் குடோன் கேரளா, நடுவுல கேட்6 கேபிள் போட்டிருக்கோம், ஐப்பசி இடிக்கு வருசா வருசம் போர்ட் போகுது.

அண்ணே, இந்தப் பக்கம் டிஎன்இபி கரண்டு, அந்தப் பக்கம் கேஎஸ்இபி, ரெண்டு எர்த்து. பக்கத்துல எங்கயாவது இடி விழுந்தா ரெண்டு எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் ஏத்த எறக்கம் வரும், அது ஓட இருக்குற ஒரே வழி உங்க தாமிரக் கம்பி. எத்தன நல்ல சுவிட்ச் வாங்கினாலும் போகத்தான் செய்யும். எஸ்எஃப்பி ஓட்டை உள்ள சுவிட்ச் ரெண்டு பக்கமும் வெச்சு நடுவுல ஃபைபர் இழுங்க. உள்ள இரும்புக் கம்பி இல்லாத ஃபைபரா கேட்டு வாங்குங்க, கம்பி இருந்தா அதே கததான் திரும்ப.

நாகர்கோவில் அக்கா: தூரத்துல இருந்து கான்ஃபிகரேசன் மாத்தும்போது நம்ம கனெக்சன நாமளே வெட்டிக்கிட்டா என்ன பண்றது?

இது எல்லாத்தையும் விட முக்கியமான கேள்வி அக்கா. ஒரு நா ராத்திரி பதினொன்ர மணிக்கு அப்லிங்க் போர்ட்ல வீலேன் நம்பர் ஒண்ண தப்பா அடிச்சு எண்டர் தட்டினேன், அவ்வளவுதான், திரை அப்படியே நின்னுடுச்சு. வண்டிய எடுத்துட்டு போய் சுவிட்ச்லயே நேரா கன்சோல் கேபிள சொருகி ஒரு எழுத்த மாத்தினேன், வீடு திரும்பும்போது விடிஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் நான் இப்படித்தான் செய்வேன். சிஸ்கோவுல மொதல்ல "ரீலோடு இன் 10" அடிச்சுட்டு மாத்துவேன், சேவ் பண்ண மாட்டேன், தப்பா போனா பத்து நிமிசத்துல தானா ரீபூட் ஆகி பழசுக்கு வந்துடும், சரியா போனா "ரீலோடு கேன்சல்". ஜூனிபர்ல "கமிட் கன்ஃபர்ம்டு", அதுவும் பத்து நிமிசம் பாத்துட்டு திரும்பக் கமிட் பண்ணலன்னா பின்வாங்கும். மைக்ரோடிக்ல சேஃப் மோடு, கனெக்சன் அறுந்தா மாத்தினத எல்லாம் அதுவே திருப்பிடும். சுவிட்ச் வாங்கும்போது இந்த வசதி இருக்கான்னு கேளுங்க, விலை கொறஞ்ச வெப் பேஜ் மட்டும் உள்ள ஸ்மார்ட் சுவிட்ச் பலதுல இது கிடையாது. அப்லிங்க் போர்ட்ட மாத்துறதுன்னா மட்டும் நேர்ல போயே மாத்துங்க.

தக்கலை தம்பி: மொதத் தடவ ரேக்குக்கு போறேன், பைல என்ன எடுத்துட்டு போகட்டும்?

எம்6 கேஜ் நட்டும் ஸ்க்ரூவும் ஒரு இருவது, கன்சோல் கேபிளும் யுஎஸ்பி சீரியலும், சிஸ்கோன்னா ஸ்பீடு 9600. சி13-சி14 பவர் கேபிள் ரெண்டு, வெல்க்ரோ, ஒரு மீட்டர் பேட்ச் கேபிள் தேவைக்கு மேல நாலு. சுவிட்ச ரேக்ல மாட்டுற காது இருக்குற பெட்டிய வீட்ல மறந்துடாத. கேபிளோட ரெண்டு முனைலயும் லேபிள் ஒட்டிட்டு, கதவ மூடுறதுக்கு முன்னால முன்பக்கம் ஒண்ணு பின்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு ஃபோட்டோ எடுத்துக்கோ, நாளைக்கு அங்க இருக்குற டெக்னீசியன்கிட்ட ஃபோன்ல "மேல இருந்து ரெண்டாவது, நீல லேபிள் உள்ள கேபிள உருவி சொருகுங்க"ன்னு சொல்ல அது வேணும்.