ஏழ்மையை விற்கும் படங்களா?

கேள்வி: அமெரிக்க நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளையும் தெருக்கலைஞர்களையும் பற்றிய சுயாதீன ஆவணப்படங்களைத் தங்கள் இதழ் தொடர்ந்து பாராட்டுகிறது. வெளியிலிருந்து கேமராவுடன் வந்து, பிறர் வறுமையைப் படம்பிடித்து, விருதும் பணமும் பெறுவதைத் தவிர இவற்றில் என்ன இருக்கிறது? (வாசகர், திருச்சி)

பதில்: இக்குற்றச்சாட்டுக்கு உரிய படங்கள் இருக்கின்றன. ஆனால் எல்லாப் படங்களையும் ஒரே கூண்டில் ஏற்றுவதை ஏற்க இயலாது. படமெடுத்தவர் அங்கே எத்தனை காலம் இருந்தார், வந்த பணத்தில் யாருக்குப் பங்கு தந்தார் என்று ஒவ்வொரு படத்திடமும் தனித்தனியே கேட்க வேண்டும்.

1994இல் வெளிவந்த 'ஹூப் ட்ரீம்ஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவின் கார்ட்டெம்க்வின் என்னும் ஆவணப்பட நிறுவனத்துடன் சேர்ந்து ஸ்டீவ் ஜேம்ஸும் அவருடைய நண்பர்களும் பொதுத் தொலைக்காட்சிக்காக அரைமணி நேரக் குறும்படம் ஒன்றைத்தான் எடுக்கத் தொடங்கினார்கள். கூடைப்பந்தாட்டத் திறமைக்காகப் புறநகர்த் தனியார் பள்ளி ஒன்றில் சேர்க்கப்பட்ட ஆர்தர், வில்லியம் என்னும் இரு கறுப்பினச் சிறுவர்களை அவர்கள் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 250 மணி நேரம் அளவுக்குப் பதிவு சேர்ந்தது. ஆர்தரின் கட்டணம் பாக்கியானபோது பள்ளி அவனை வெளியே அனுப்பியது. மாதம் 268 டாலர் அரசு உதவித்தொகையில் பிள்ளைகளோடு எப்படி வாழ்கிறேன் என்று உங்களுக்கு வியப்பாக இல்லையா என, ஆர்தரின் தாய் கேமராவை நோக்கியே கேட்கிறார். வறுமையை விற்க வந்தவர் இக்கேள்வியை வெட்டியெறிந்திருப்பார். அதே பெண்மணி செவிலியர் உதவியாளர் பயிற்சியில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் பெற்று நிற்கும் காட்சியும் படத்தில் உண்டு. என் கணிப்பில் ஆட்டக்காட்சிகள் அனைத்தையும் விட அதுவே மேலானது. அவர்கள் வீட்டு மின்சாரம் துண்டிக்கப்பட்டதைப் பதிவு செய்த குழு, அதைத் திரும்பப் பெறப் பணமும் கொடுத்தது. படம் ஈட்டிய வருவாயில் இரு குடும்பங்களுக்கும் பங்கு தரப்பட்டது. விருதுக்காக என்கிறீர்கள், ஆஸ்கரின் ஆவணப்படப் பிரிவில் இது பரிந்துரைக்கப்படக்கூட இல்லை.

தங்கள் ஐயத்துக்கு நியாயமான இடம் 'பாரிஸ் இஸ் பர்னிங்'. நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின, லத்தீன் இன ஒருபாலீர்ப்பாளர்களும் திருநரும் நடத்திய, உடையிலும் நடையிலும் நடனத்திலும் மோதும் 'பால்ரூம்' போட்டிகளை ஜென்னி லிவிங்ஸ்டன் 1980களில் படமாக்கினார். படம் சுமார் 40 லட்சம் டாலர் வசூலித்ததும், அதில் தோன்றியவர்கள் தங்கள் பங்கைக் கேட்டார்கள். அவர்கள் முன்னரே ஒப்புதல் படிவங்களில் கையெழுத்திட்டிருந்ததால் சட்டம் துணைவரவில்லை. பின்னர் 13 பேருக்குச் சுமார் 55,000 டாலர் பகிர்ந்தளிக்கப்பட்டது. வெள்ளையரான இயக்குநரின் பார்வையைக் கறுப்பினச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ் கடுமையாக விமர்சித்தார். அந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆயினும், சொந்தக் குடும்பங்களால் துரத்தப்பட்டவர்கள் தமக்கென வேறு குடும்பங்களை அமைத்துக்கொண்டதை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்த பதிவு அது. பங்கீட்டில் நேர்ந்த அநீதியைக் கண்டிப்பதற்காக அந்தக் குரல்களைத் தள்ளிவைக்க நான் உடன்பட மாட்டேன்.

'ஸ்டைல் வார்ஸ்' (1983) படத்தில் காட்டுவதற்கு ஏழ்மையைவிடக் கலைதான் மிகுதி. நியூயார்க் சுரங்க ரயில்களில் இரவில் ஓவியம் தீட்டிய சிறுவர்களுக்கும் மேயர் எட் காச்சுக்கும் சம இடம் தந்து, தீர்ப்பைப் பார்ப்பவரிடம் விடுகிறது. அப்படி ஓவியம் தீட்டப்பட்ட கடைசி ரயில் பெட்டி 1989 மே மாதத்தில் ஓட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதன் பின் அக்கலையைக் காண நமக்கு எஞ்சியிருப்பவை புகைப்படங்களும் இத்தகைய படங்களுமே.

பணத்தைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்ல வேண்டும். 'ஹூப் ட்ரீம்ஸ்' உருவானது, அரசுப் பணத்தைப் பொதுத் தொலைக்காட்சி, வானொலிகளுக்குப் பகிர்ந்தளித்த பொது ஒலிபரப்புக் கழகமும் மெக்கார்த்தர் அறக்கட்டளையும் தந்த நிதியால். அந்தக் கழகத்துக்கு ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரை அமெரிக்க நாடாளுமன்றம் 2025 ஜூலையில் திரும்பப் பெற்றது. அடுத்த மாதமே கழகம் தன் பணிகளை முடித்துக்கொள்ளப் போவதாக அறிவித்தது. விற்பதற்கென்றே எடுக்கும் படத்துக்கு முதலீட்டாளர் இனியும் கிடைப்பார். ஒரே குடியிருப்பில் ஐந்தாண்டு காத்திருக்கும் படத்துக்கு யார் பணம் தருவார்? தங்கள் கோபத்தை அக்கேள்வியின் பக்கம் திருப்புமாறு வேண்டுகிறேன்.