ஃப்யூரர்ஷ்டான்ட்ஸ்மிட்ஃபார்ட்: ஒரு ஜெர்மன் ரயில் சொல் – கேள்வி பதில்

கேள்வி: எஞ்சின் முன்கண்ணாடி வழியே தண்டவாளத்தை மட்டும் மணிக்கணக்கில் காட்டும் ஜெர்மன் வீடியோக்களுக்கு இப்படியொரு தலைப்பு. பொருள் என்ன?

பதில்: ஜெர்மன் கூட்டுச்சொல்லை எப்போதும் வாலிலிருந்து பிரியுங்கள். ‘ஃபார்ட்’ பயணம், ‘மிட்’ கூட. ‘ஃப்யூரர்ஷ்டான்ட்’ எஞ்சினில் ஓட்டுநர் அறை. ஆக, ஓட்டுநர் அறையில் கூடவே போவது. நேரில் போனாலும் இதே சொல், படமெடுத்தாலும் இதே சொல். 1990களில் ஏ.ஆர்.டி. தொலைக்காட்சி பின்னிரவில் இவற்றை ஒளிபரப்பியது.

கேள்வி: ‘ஃப்யூரர்’ ஹிட்லரின் பட்டம் அல்லவா?

பதில்: அவருக்கு முன்பே இருந்த சொல். ஓட்டுநர் உரிமம் இன்றும் ‘ஃப்யூரர்ஷைன்’தான்.

கேள்வி: ‘ஷ்டான்ட்’ என்றால் நிற்பது. ஓட்டுநர் உட்கார்ந்துதானே இருக்கிறார்?

பதில்: 1835இல் நூரம்பெர்க்–ஃப்யூர்ட் பாதையில் ‘ஆட்லர்’ எஞ்சினை வில்லியம் வில்சன் திறந்த மேடையில் நின்றுதான் ஓட்டினார். நீராவி எஞ்சின்களின் காலத்தில் வேரூன்றிய சொல், இருக்கை வந்தபிறகும் அப்படியே நின்றுவிட்டது.

கேள்வி: நடுவில் வரும் ‘ஸ்’ ஆறாம் வேற்றுமை உருபுதானே?

பதில்: இல்லை. ‘லீபஸ்பிரீஃப்’, அதாவது காதல் கடிதம், அதைப் பாருங்கள். ‘லீப’ பெண்பால், அதன் ஆறாம் வேற்றுமையில் ‘ஸ்’ வராது. ஆனாலும் கூட்டுச்சொல்லில் வருகிறது.

கேள்வி: விதிவிலக்கை வைத்து விதி சொல்லலாமா? ‘ஷ்டான்ட்’ ஆண்பால், ஆறாம் வேற்றுமையில் ‘ஸ்’ உண்டே.

பதில்: விதிவிலக்கல்ல. ‘உங்’ விகுதி பெற்ற சொற்கள் எல்லாமே பெண்பால், கூட்டுச்சொல்லின் முன்பாதியாக வந்தால் பெரும்பாலும் ‘ஸ்’ ஏற்கும். பிறப்பில் வேற்றுமை உருபுதான், மறுக்கவில்லை. இன்று அது செய்வது சொற்களை இணைக்கும் சாரியையின் வேலை. முற்றத்துக் கதவு ‘ஹோஃப்டோர்’, ‘ஸ்’ இல்லை. கல்லறைத் தோட்டத்துக் கதவோ ‘ஃப்ரீட்ஹோஃப்ஸ்டோர்’. முன்பாதியே (‘ஃப்ரீட்’ + ‘ஹோஃப்’) கூட்டுச்சொல்லானதும் ‘ஸ்’ வந்து, பெரிய மூட்டு இங்கே என்று காட்டிவிடுகிறது. நம் சொல்லிலும் அதே வேலைதான்: ‘ஃப்யூரர்ஷ்டான்ட்’ ஒரு பாதி, ‘மிட்ஃபார்ட்’ மறுபாதி. வாலிலிருந்து பிரிக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கேள்வி: இந்த மாதிரி வீடியோ எடுக்க எந்த கேமரா நல்லது?

பதில்: கேமரா தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: ஹிட்லர் பெயர் இருக்கும் சொல்லை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள்?

பதில்: மேலே சொல்லியாயிற்று, தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். வேர் தெரிந்தால் இந்தக் கேள்வியே வராது. ‘ஃபாரென்’ போவது; அதன் பிறவினை ‘ஃப்யூரென்’, போகச் செய்வது. நம் செல், செலுத்து போல. வண்டியைச் செலுத்துபவர் ‘ஃப்யூரர்’. சொல்லின் தொடக்கமும் முடிவும் ஒரே வேர்.