ஒரு நாள் கறுப்பு

கேள்வி: ஆவணியில் என் மகளுக்குத் திருமணம். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய பொதிக்குள், தலைக்குத் தெளிக்கும் தற்காலிக நிறக் குப்பி ஒன்றும் வந்திருக்கிறது. வீட்டிலேயே அடிக்கலாம், ஒருமுறை கழுவினால் போய்விடும் என்று தொலைபேசியில் சொல்கிறான். வாழ்நாள் முழுக்க விஞ்ஞானம் படிப்பித்த நான் இதை நம்பலாமா? இந்த வயதில் இது தேவையா என்று மனைவி வேறு கேட்கிறார்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், முள்ளியவளை

பதில்: மாஸ்டர், உங்கள் மனைவியின் கேள்விக்குப் பதில் சொல்லும் துணிவு எனக்கு இல்லை, அதை நீங்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது ‘தற்காலிக’ என்ற சொல். வன்னியில் இருந்துகொண்டு இந்தச் சொல்லை ஒருவர் இவ்வளவு நம்பிக்கையோடு எழுதியிருப்பதை நான் வெகுகாலமாகக் காணவில்லை. 2009 க்குப் பிறகு மீள்குடியேறி வந்தபோது தகரமும் தரப்பாளும் தந்து ‘தற்காலிக வீடு’ என்றார்கள். அந்தத் தகரத்தின் கீழ் பிறந்த பிள்ளைகள் அரிவரி படித்து, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதி, வளர்ந்தும் விட்டார்கள். ‘அலுவலகம் தற்காலிகமாக இடம்மாற்றப்பட்டுள்ளது’ என்று கதவில் ஒட்டிய அறிவித்தல்கள் தாள் பழுத்து எழுத்து அழிந்த பின்னும் கதவைவிட்டு இறங்குவதில்லை. தற்காலிக நியமனத்தில் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தவர்கள் நிரந்தரமாக நரைத்துவிட்டார்கள் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். ஆகவே கழுவினால் போய்விடுவேன் என்று ஒரு குப்பி வாக்குக் கொடுத்தால், அதைச் சந்தேகிப்பது இந்த மண்ணில் பிறந்தவரின் கடமை. ஆனால் விசாரித்துப் பார்த்ததில், தற்காலிகம் என்று பெயர் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தவற்றுள் ஓரளவுக்கேனும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது இந்தக் குப்பிதான் என்று தோன்றுகிறது. ஓரளவுக்கு என்று நான் சொல்வதற்குக் காரணம் குப்பியில் இல்லை, உங்கள் கிணற்றில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மயிரிழையின் வெளிப்புறம், கிடுகு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று படிந்த செதில்களால் ஆனது. மயிருக்கு இயற்கையாக நிறம் தரும் மெலனின் அதற்கும் உள்ளே, நடுப்படையில் இருக்கிறது. தற்காலிக நிறத்திலுள்ள சாயத்தின் மூலக்கூறுகளும் நிறமித் துணிக்கைகளும் செதில்களைத் தாண்டி உள்ளே புக முடியாத அளவுக்குப் பெரியவை என்பதால், மேலே ஒட்டிக்கொண்டு இருந்துவிட்டு ஷாம்பு பட்டதும் இறங்கிவிடுகின்றன. இதில் அமோனியாவும் இல்லை, ஐதரசன் பேரொட்சைட்டும் இல்லை. அதனால் கறுத்த மயிரை வெளுக்கச் செய்யும் வல்லமையும் இதற்கு இல்லை. நரைத்த தலையில் இது நன்றாகத் தெரியும். கறுத்த தலையில், நிறமி தடிப்பாக இருந்தாலொழிய, அடித்ததே தெரியாது. நிரந்தரச் சாயத்தின் வேலை இதற்கு நேர் எதிரானது. அதன் சிறிய மூலக்கூறுகள் செதில்களுக்கு ஊடாக உள்ளே போய், அங்கே பேரொட்சைட்டின் துணையோடு ஒன்றுசேர்ந்து பெரிதாகி, வந்த வழியால் திரும்ப முடியாமல் அங்கேயே குடியிருந்துவிடுகின்றன. அதைக் கழுவ முடியாது. வளர்ந்து வெட்டுப்படும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகன் அனுப்பியது நல்ல குப்பியாகவே இருக்கலாம். ஆனால் அது முடிந்துவிட்டால், அல்லது அதன் மூக்கு அடைத்துக்கொண்டால், நீங்கள் சந்திக்குப் போய்க் கடையில் தொங்கும் பைக்கற் ஒன்றைக் கிழித்துக்கொண்டு வருவீர்கள். அதில் பச்சிலைப் படமும் ‘இயற்கை’ என்ற சொல்லும் இருக்கும். இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்தச் சொல்லோடு எனக்குள்ள பழைய வழக்குத் தெரியும். மருதோன்றி இலை நரைக்குத் தருவது செம்மஞ்சள் நிறம். அதிலுள்ள லோசோன் என்ற சாயத்துக்கு அதற்குமேல் செய்யத் தெரியாது. பத்து நிமிடத்தில் தலையைக் கரியாக்கும் ‘கறுப்பு மருதோன்றி’ என்று ஒன்றை விற்றால், பெரும்பாலும் அந்தக் கறுப்பு மருதோன்றியினுடையது அன்று, பிபிடி என்று சுருக்கி எழுதப்படும் பாரா-பினைலீன்டையமீனுடையது. ஜெர்மன் இரசாயனவியலாளர் ஹோஃப்மன் 1863 இல் அதை விவரித்தார். அந்த வகை இரசாயனத்தைக் கொண்டு ஷுல்லர் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் 1907 இல் தலைச்சாயம் செய்து பாரிஸ் சிகையலங்காரக் கடைகளுக்கு விற்றார். 1909 இல் அவர் பதிவு செய்த கம்பனிக்கு இட்ட பெயர் ‘தீங்கற்ற தலைச்சாயங்களின் பிரெஞ்சுக் கம்பனி’ என்பதாகும். அதுவே பிறகு லொரியல் ஆயிற்று. தீங்கில்லை என்பதைப் பெயரிலேயே எழுதி வைக்கவேண்டிய நிலை அப்போதே இருந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சிலருக்குப் பிபிடி ஒத்துக்கொள்ளாது. தலை அரித்து, நெற்றி வீங்கி, கண் திறக்க முடியாதபடி இமைகள் மூடிக்கொள்ளும். ஐரோப்பிய ஒன்றியம் தலையில் பூசும் கலவையில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று வரையறுத்திருக்கிறது. நம் சந்திப் பைக்கற்றில் அளவு எழுதியிருந்தால் அதுவே பெரிய விசேடம். மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கும் நாளில் கண் தெரிய வேண்டும் என்று நீங்கள் விரும்பினால் அந்தப் பைக்கற் பக்கம் போகாதீர்கள். (எங்கள் விளம்பரப் பகுதி நண்பர் இந்தப் பந்தியை வாசிக்காதிருக்கக் கடவது.)

தற்காலிக நிறம் வன்னிக்குப் புதிது என்று உங்கள் மகன் நினைத்திருந்தால் அவர் ஊரைவிட்டுப் போய் நீண்டகாலம் ஆகிவிட்டது என்று பொருள். சோளகக் காற்றுக் காலத்தில் உள்வீதியொன்றில் கிரவல் ஏற்றிப் போகும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் சைக்கிளில் போனவர் எவரும், காசு கொடுக்காமல், பெட்டி உடைக்காமல், தலை முதல் புருவம் வரை செம்மண்ணிறம் அடித்துக்கொண்டுதான் வீடு சேர்ந்திருக்கிறார். அதில் பெண், ஆண், அதிகாரி, கமக்காரன் என்ற பேதம் இருந்ததில்லை. நரைத்தவரும் நரைக்காதவரும் ஒரே நிறமாக வந்து இறங்குவார்கள். எண்ணெய் வைத்த தலையில் அது இன்னும் அழுத்தமாகப் பிடிக்கும். உங்கள் ஊரில் கோவலன் கூத்து ஆடுகிறவர்கள் முகத்தில் பூசுவதும் விடிந்ததும் கழுவிப் போவதற்காகப் பூசுவதுதான். அண்ணாவியார் எவரும் அதற்காகப் பிள்ளைகளிடமோ பெண்சாதியிடமோ உத்தரவு கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. நீங்கள் அடிக்கப்போகும் கறுப்பை ஒரு நாள் வேடம் என்று வைத்துக்கொண்டால் வெட்கப்பட எதுவுமில்லை. வெட்கம் பற்றிப் பேசும்போது, இந்தப் பக்கத்தின் தலையில் அச்சாகும் என் படம் எப்போது எடுத்தது என்று மாதந்தவறாமல் அஞ்சலட்டை போடும் வவுனியா வாசகருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: படத்தில் தெரியும் கறுப்பு என் தலையுடையது அன்று, அச்சகத்து மையுடையது, எத்தனை முறை கழுவினாலும் அது போகாது.

இனிக் கிணற்றுக்கு வருவோம். ஒருமுறை கழுவினால் போகும் என்று குப்பியில் எழுதியவர் வன்னிக் கிணற்றில் வாளி விட்டவர் அல்லர். நம் கிணறுகள் பலவற்றில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்த வன்னீர்தான் ஊறுகிறது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைச் சுண்ணம் அதற்குச் சாட்சி. அந்த நீரில் சவர்க்காரம் போட்டுத் தலை முழுகினால் நுரைக்குப் பதில் திரிதிரியாகக் கழிவுதான் வரும். அது மயிரில் ஒட்டிக்கொள்ளும். நிறமியின் ஒரு பங்கும் அதோடு சேர்ந்து தங்கிவிடும். பிறகு, அழுக்குச் சாம்பல் நிறத் தலையோடு சம்பந்தி வீட்டு விருந்துக்குப் போக நேரும். ஆகவே சவர்க்காரம் வேண்டாம். ஷாம்பு வன்னீரில் அவ்வாறு திரைவதில்லை, நுரை சற்றுக் குறையும், அவ்வளவுதான். கல்சிய, மக்னீசிய இருகாபனேற்றுகளால் வரும் தற்காலிக வன்மை கொதிக்க வைத்தால் நீங்கும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிப்பித்த உங்களுக்கு அதை நான் எழுதுவது அதிகப்பிரசங்கம். ஆயினும் முதல்நாளே ஒரு பெரிய பானையில் நீரைக் கொதிக்க வைத்து, ஆறித் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து வைத்துக்கொண்டால் கடைசி அலசலுக்கு உதவும். மாரியாக இருந்தால் பீலித் தண்ணீரைப் பிடியுங்கள் என்று சொல்லியிருப்பேன். மழைநீருக்கு நிகரான மென்னீர் இல்லை. ஆவணியில் அதற்கு வழியில்லை. வடிகட்டி விற்கும் தண்ணீரும் மென்மையானதுதான்; ஆனால் கிணற்று நீரைக் குடிக்கப் பயந்து, சிறுநீரக நோய்க்கு அஞ்சி, சனங்கள் காசு கொடுத்து வாங்கும் தண்ணீரைத் தலைச்சாயம் கழுவ ஊற்றுங்கள் என்று எழுத என் கை வராது.

செய்முறையில் சொல்ல அதிகம் இல்லை. திருமணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக, முழங்கையின் உட்புறத்தில் சிறிது தெளித்து 48 மணித்தியாலம் பாருங்கள். பிறகு பிடரியில் ஒரு கற்றைக்கு அடித்து, காயவிட்டு, உங்கள் கிணற்று நீரிலேயே கழுவிப் பாருங்கள். உலர்ந்து வெடித்த மயிரும், முன்பு வெளுக்கச் செய்த மயிரும் நிறத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். உங்கள் தலை எந்தச் சாதி என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். திருமண நாளில் தோய்ந்து, தலையை நன்றாக உலர்த்திய பிறகே அடிக்க வேண்டும், அதுவும் எண்ணெய் வைக்காமல். நெற்றி விளிம்பிலும் காது மடலிலும் வசிலின் தடவுங்கள், தோளில் பழைய துவாய் ஒன்றைப் போடுங்கள், ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, வெளி விறாந்தையில் நின்று தெளியுங்கள். இவ்வகைக் குப்பிகள் பெரும்பாலானவற்றில் நிறத்தை உந்தித் தள்ளுவது எரியக்கூடிய வாயு; குசினியிலும் சாமியறையிலும் வேண்டாம், காயும்வரை கற்பூரத்துக்குக் கிட்டப் போகவும் வேண்டாம். பட்டு வேட்டியும் சால்வையும் தலை காய்ந்த பிறகு.

ஆனால் உங்கள் உண்மையான எதிரி வியர்வை. மேல்சட்டை இல்லாமல் ஓமகுண்டத்துக்கு அருகில், சோளகம் ஓய்ந்த ஆவணி மதியத்தில், ஐயர் மந்திரத்தை முடிக்கும்வரை இருக்கப்போகிறவர் நீங்கள். அதிகமாக அடித்தால் காதோரத்தால் கறுப்புக் கோடு இறங்குவதை வீடியோக்காரர் கிட்டே வந்து பிடிப்பார். கனடாவில் அதைப் பெரிய திரையில் போட்டுப் பார்ப்பார்கள். ஆகவே தலை முழுவதற்கும் அடிக்காமல் வகிட்டிலும் காதோரத்திலும் மட்டும், மெல்லியதாக. தனிக் கறுப்பை விடக் கரும் மண்ணிறம் வயதுக்குப் பொருந்தும். உங்கள் மகன் எதை அனுப்பியிருக்கிறார் என்று மூடியைப் பாருங்கள்.

மீசையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தலை கறுத்து மீசை வெளுத்து நிற்கும் மாப்பிள்ளையின் மாமனாரைச் சபை மன்னிக்காது. அதற்குக் குப்பியைப் பிடித்தால் பாதி வாய்க்குள் போகும். தூரிகையுள்ள மை போன்ற வகை ஒன்று உண்டு, அதை மகனிடம் கேளுங்கள். பூசிய பிறகு, பாயாசத்தை மட்டும் வீடியோக்காரர் சாப்பிடப் போன பின் குடியுங்கள்.