வலி மரத்துப்போனால் வெடிப்பு ஆறிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஆசிரியையாக இருக்கிறேன். நான்கு மாதமாக மலம் கழிக்கும்போது கண்ணாடியால் கீறுவது போல வலி. முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் எரிகிறது. சில நாள் சொட்டுச் சொட்டாக ரத்தமும் வருகிறது. மூலம் என்று நினைத்து கணவர் மெடிக்கலில் ஒரு ஆயின்மென்ட் வாங்கி வந்தார். போட்டதும் மரத்துவிடும். தினமும் ஐந்தாறு தடவை, இரண்டு மாதம் போட்டேன். இப்போது அரிப்பும் சேர்ந்துகொண்டது. அப்புறம் போய்ப் பார்த்த டாக்டர், இது மூலம் இல்லை, ஆசனவாய் வெடிப்பு என்று நைட்ரோகிளிசரின் களிம்பு எழுதித் தந்தார். அதைப் போட்டால் தலை பிளக்கிறது. மூன்றே நாளில் நிறுத்திவிட்டேன். பழைய ஆயின்மென்டுக்கே திரும்பலாமா? களிம்பை எவ்வளவு, எப்படிப் போட வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

பதில்: பழையதற்குத் திரும்ப வேண்டாம், டீச்சர். இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மெடிக்கலில் 'மூலத்துக்கு' என்று கேட்டால் கிடைக்கும் களிம்புகள் பலவற்றில் மரக்கவைக்கும் லிக்னோகைனோடு ஒரு ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு களிம்பை அந்த இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தானாகப் போடக் கூடாது. தோல் மெலிந்துவிடும், பூஞ்சைத் தொற்றுக்கும் வழி விடும். மரக்கவைக்கும் மருந்தே சிலருக்கு ஒவ்வாமையாகி அரிக்கும். உங்கள் அரிப்புக்கு இதில் எது காரணம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. டியூபை ஓரம் வைத்துவிட்டு, சோப்பு போடாமல் வெறும் தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி எடுங்கள். இரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆசனவாயைச் சுற்றி உள்ளே ஒரு தசை வளையம் இருக்கிறது. அது நம் சொல்பேச்சுக் கேட்காது, தானாகவே இறுகும், தானாகவே தளரும். இறுகிய மலம் தோலைக் கிழித்ததும் வலியில் அந்த வளையம் இன்னும் இறுகிக்கொள்ளும். இறுகினால் ரத்த ஓட்டம் குறையும். ரத்தம் போகாத இடத்தில் புண் எப்படி ஆறும்? நீங்கள் சொல்லும் இரண்டு மணி நேர எரிச்சலில் பெரும்பங்கு இந்த இறுக்கம்தான். மரக்கவைக்கும் ஆயின்மென்ட் மேல்தோலின் வலியை அரைமணி நேரம் மறைக்கும், அவ்வளவே. வளையம் இறுகியபடியே இருக்கும்.

நைட்ரோகிளிசரின் அந்த வளையத்தைத் தளர்த்தும் மருந்து. நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்கிறார்களே, அதே சரக்குதான். டைனமைட்டில் வெடிப்பதும் இதுவே. அந்தக் காலத்தில் டைனமைட் ஆலைக்குள் போன தொழிலாளர்களுக்குத் தலைவலி வருமாம். டைனமைட்டைக் கண்டுபிடித்த நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதய நோய்க்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம், உங்கள் தலைவலி ஒவ்வாமை அல்ல. மருந்து ரத்தத்தில் கலந்து தலையின் ரத்தக் குழாய்களையும் விரிக்கிறது. அளவும் போடும் முறையும் சரியானால் பலருக்கு இது குறையும். ஏற்கெனவே ஒற்றைத் தலைவலி உள்ளவர் என்றால் மட்டும் இந்தக் களிம்பு உங்களுக்கு வேண்டாம்.

போடும் முறைக்கு வருவோம். வெறும் விரலால் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விரல் தோல் வழியாகவும் மருந்து உள்ளே போகும். மெல்லிய கையுறையோ விரலுறையோ மாட்டிக்கொள்ளுங்கள். டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் ஒழிய, ஒரு பட்டாணி அளவு போதும். ஆசனவாயின் விளிம்பைச் சுற்றியும், உள்ளே ஏறக்குறைய 1 செ.மீ. வரையும், அதாவது விரல் நகம் மறையும் அளவுக்கு மட்டும் மென்மையாகத் தடவுங்கள். சில டியூபோடு ஒரு நீள பிளாஸ்டிக் முனை வரும். வெடிப்பு இருக்கும்போது அதை உள்ளே விடாதீர்கள், புண்ணையே குத்தும். முதல் ஒரு வாரம் படுத்துக்கொண்டே போட்டு, அரைமணி நேரம் எழாதீர்கள். திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம். தலை வலித்தால் ஒரு பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். முடிந்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, டியூபை இறுக மூடி குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இவ்வளவு செய்தும் தலைவலி தாங்கவில்லை என்றால் மருந்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். 2% டில்டியாசெம் களிம்பும் அதே வளையத்தைத்தான் தளர்த்துகிறது, தலைவலி குறைவு. ஆனால் சிலருக்கு அரிக்கும், உங்களுக்கு இப்போதே அரிப்பு இருப்பதால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். லிக்னோகைன் கலந்த நிஃபெடிபின் களிம்பும் இருக்கிறது. இவற்றை நீங்களே கேட்டு வாங்காதீர்கள். பிரஷர் மாத்திரையோ இதய மாத்திரையோ சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, தாய்ப்பால் கொடுக்கிறீர்களா, ரத்தசோகை அதிகமா என்பதைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. சில்டெனாஃபில் போன்ற விறைப்பு மாத்திரை சாப்பிடுபவர்கள் நைட்ரோகிளிசரினைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு இறங்கிவிடும். மனைவிக்கு எழுதிய டியூப் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டுக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எத்தனை நாள்? 6 முதல் 8 வாரம். இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பத்து நாளில் வலி குறைந்ததும் டியூப் அலமாரிக்குப் போய்விடும், அடுத்த கல்யாணச் சாப்பாட்டில் பழையபடி கிழியும். வலி போவது வேறு, வெடிப்பு மூடுவது வேறு. உங்களுக்கு நான்கு மாதமாகிவிட்டதால் இது நாள்பட்ட வெடிப்பு. நாள்பட்டதில் களிம்பால் ஏறக்குறைய பாதிப் பேருக்கே ஆறுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆறாதவர்களுக்கு வளையத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி உண்டு, வளையத்தில் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவை சிகிச்சை உண்டு. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அறுவையில் குணமாகிறார்கள். சிலருக்கு மட்டும் காற்றை அடக்குவது சிரமமாகலாம், அதனால்தான் முதலில் களிம்பை முயல்கிறோம்.

களிம்பு வேலை செய்ய மலம் இளக வேண்டும். ஆசிரியைகளிடம் நான் எப்போதும் கேட்பது, பள்ளியில் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று. கழிப்பறை சரியில்லை என்று காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை வாயை நனைக்காமல் இருப்பார்கள், வந்த மலத்தையும் அடக்குவார்கள். நீங்களும் அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான். கொய்யா, கீரை, வாழைத்தண்டு, தோல் நீக்காத பயறு எல்லாம் நல்லது. இசப்கோலை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே கட்டிக்கொள்ளும். போதாவிட்டால் இரவில் லாக்டுலோஸ் மருந்து 15 மி.லி. எடுக்கலாம். வலிக்குப் பயந்து அடக்கினால் மலம் இன்னும் இறுகி, அடுத்த முறை இன்னும் கிழிக்கும்.

மலம் கழித்த பிறகு அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி 10 முதல் 15 நிமிடம் உட்காருங்கள். முழங்கை பட்டால் இதமாக இருக்கும் சூடு போதும். உப்பும் வேண்டாம், கிருமிநாசினியும் வேண்டாம். ஒற்றி உலர்த்திவிட்டுக் களிம்பு போட அதுதான் நல்ல நேரம். காலையில் வலிக்குப் பயமாக இருந்தால், ஸ்டீராய்டு கலக்காத வெறும் லிக்னோகைன் ஜெல்லியை, போவதற்குப் பத்து நிமிடம் முன் கொஞ்சம் தடவலாம். முதல் சில நாளுக்கு மட்டும். அந்த மருந்து ஏற்கெனவே ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் தொடக் கூடாது. தைலம், டூத்பேஸ்ட், யாரோ கொடுத்த சூரணக் குழம்பு எதையும் அங்கே பூசாதீர்கள்.

காய்ச்சல், பக்கத்தில் வீக்கம், சீழ், ரத்தம் அதிகமாகப் போவது, எடை குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் களிம்பை நம்பிக் காத்திருக்கக் கூடாது. வெடிப்பு பொதுவாக நடுக்கோட்டில், பெரும்பாலும் பின்பக்கம் வரும். பக்கவாட்டில் இருந்தாலோ ஒன்றுக்கு மேல் இருந்தாலோ காசநோய், குரோன் நோய் (குடலில் வரும் நாள்பட்ட அழற்சி) மாதிரி வேறு காரணங்களைத் தேட வேண்டியிருக்கும். அதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

கூச்சமாக இருந்தால் பெண் அறுவை மருத்துவரைக் கேட்டுப் போங்கள். வெடிப்பைப் பார்க்க கருவி எதையும் உள்ளே விட வேண்டியதில்லை, பெரும்பாலும் மெதுவாக விலக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். வலிக்கிறது என்றால் விரல் பரிசோதனையை இன்னொரு நாளைக்குத் தள்ளி வைக்கச் சொல்லலாம். போகும்போது இரண்டு டியூபையும் அட்டைப் பெட்டியோடு பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'வெள்ளை நிற ஆயின்மென்ட்' என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது.