காற்றில் விழுந்த போர்டு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காற்றில் அடிபட்ட கடைப் போர்டுகளைப் பற்றித்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன், உங்கள் கடிதம் அப்படியே வரவில்லை என்று கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, போர்டு தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் மாட்டிய 10 அடிக்கு 4 அடி போர்டு ஒன்று போன வாரக் காற்றில் ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. கடைக்காரர் "உன் வேலை சரியில்லை, இலவசமாக மாட்டிக் கொடு" என்கிறார். காற்று அடித்ததற்கு நான் என்ன செய்வேன்?

பதில்: தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள், இன்னும் தொங்குகிறதா? அப்படியானால் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள். கீழே ஆள் நடக்காதபடி கயிறு கட்டி, போர்டுக்குப் போகும் கரண்டை மெயினிலேயே நிறுத்தி, இறக்குவதற்கு முன் நாலா பக்கமும் போட்டோ எடுங்கள். கடைக்காரருக்கு இன்சூரன்ஸ் இருந்தால் அந்தப் போட்டோ கட்டாயம் தேவைப்படும், உங்களுக்கும் தேவைப்படும்.

அப்புறம் யார் மேல் தப்பு என்பது. அதைப் போல்ட்டே சொல்லிவிடும். போல்ட் சுவரில் இருந்து சுத்தமாக உருவி வந்திருந்தால், துளை பெரிதாகிவிட்டது அல்லது துளைக்குள் தூசியை ஊதி எடுக்காமல் அடித்திருக்கிறீர்கள், அது உங்கள் கணக்கு. போல்ட்டோடு செங்கல் துண்டும் பெயர்ந்து வந்திருந்தால் சுவர் பலமில்லை, அல்லது சுவரின் விளிம்புக்கு மிகப் பக்கத்தில் துளை போட்டிருக்கிறீர்கள். பழைய செங்கலிலும் உள்ளே கூடான கல்லிலும் விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட் கல்லையே பிளந்துவிடும், அங்கே துளைக்குள் பசை நிரப்பிக் கம்பியை இறுக்கும் கெமிக்கல் ஆங்கர்தான் சரி. போல்ட் அப்படியே நிற்க, ஃபிரேமின் வெல்டிங் விட்டிருந்தால் தப்பைப் பட்டறையில் தேடுங்கள். நானும் தொழில் பழகிய புதிதில் செங்கல் இடுக்கில் மரக்கட்டை அடித்து அதில் ஸ்க்ரூ போட்டு மாட்டினவன்தான். கட்டை காய்ந்து சுருங்கியது, முதல் காற்றுக்கே போர்டு தரைக்கு வந்தது. அந்தக் கடைக்காரரிடம் காற்றைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

காற்றின் பலம் தெரியாமல்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 25 கிலோ. உங்கள் போர்டு 3.7 சதுர மீட்டர், அதாவது 90 கிலோவுக்கு மேல். அதுவே 144 கிலோமீட்டர் என்றால் 370 கிலோ பக்கம் வரும், போர்டின் வடிவத்தைப் பொறுத்து இன்னும் கூடவே வரும். அதிலும் காற்று எப்போதும் போர்டைச் சுவரோடு சேர்த்து அமுக்கும் என்று நினைக்காதீர்கள், சுவரை ஒட்டி ஓடும்போது வெளியே இழுக்கும், கட்டிடத்தின் மூலையில் இந்த இழுப்பு ரொம்ப அதிகம். மூலையில் இருக்கும் போர்டுக்கு நடுவில் இருக்கும் போர்டுக்குப் போட்ட அதே போல்ட் கணக்கு போதாது.

அக்கம்பக்கத்துப் போர்டெல்லாம் நிற்கும்போது உங்களுடையது மட்டும் கழன்றிருந்தால், சண்டை போடாமல் மாட்டிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஃபிளெக்ஸ் மட்டும் கிழிந்துவிட்டது, ஃபிரேம் நன்றாக இருக்கிறது. "மறுபடி கிழியாத மாதிரி ஏதாவது போடு" என்கிறார் கடைக்காரர். அதே ஃபிரேமில் ஏசிபி ஷீட் (இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) அடித்துக் கொடுக்கலாமா?

பதில்: நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஃபிரேம் ஏன் நன்றாக இருக்கிறது என்று யோசித்தீர்களா? ஃபிளெக்ஸ் கிழிந்ததால். துணி கிழிந்த அந்த நிமிடமே காற்று ஊடே போய்விட்டது, ஃபிரேமுக்கும் போல்ட்டுக்கும் பாரம் குறைந்துவிட்டது. வீட்டில் ஃபியூஸ் போகிற மாதிரிதான் இது. ஏசிபி கிழியாது. முழுப் பாரத்தையும் வாங்கி ஃபிரேமுக்குக் கொடுக்கும், ஃபிரேம் போல்ட்டுக்குக் கொடுக்கும், போல்ட் சுவருக்குக் கொடுக்கும். ஃபிளெக்ஸுக்காகக் கணக்குப் போட்ட நாலு போல்ட்டில் அதை மாட்டினால் அடுத்த தடவை கிழிசல் இருக்காது, போர்டே மொத்தமாக இறங்கி வரும்.

எனவே கடைக்காரர் ஷீட் கேட்டால் கொடுங்கள், ஆனால் பிடிப்பையும் சேர்த்து மாற்றுங்கள். ஃபிரேமை இறக்கி அடிப்பக்கக் குழாயைப் பாருங்கள், மழைத் தண்ணீர் தங்கி உள்ளிருந்து அரித்திருக்கும், மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தி, தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தாலோ, உள்ளே அமுங்கினாலோ அந்தக் குழாயை வெட்டி எறியுங்கள். வெல்டிங் மூலைகளில் தலைமுடி போல ஒரு கோடும் அதன் வழியாகத் துருவும் வடிந்திருந்தால் விரிசல் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அது ஒரே நாள் புயலில் வந்ததாகவும் இருக்காது, தினமும் ஆடி ஆடி வந்ததாகத்தான் இருக்கும்.

கேள்வி: ஃபிளெக்ஸில் காற்றுப் போக ஓட்டை போட்டால் கிழியாதாமே?

பதில்: மனசுக்கு ஆறுதல், அவ்வளவுதான். 4 அங்குல வட்டமாக 20 ஓட்டை போட்டாலும் 2 சதுர அடி கூட வராது, 10 அடிக்கு 4 அடி போர்டு என்றால் 40 சதுர அடி. போட்ட ஓட்டையின் ஓரத்தில் இருந்துதான் கிழிசலும் ஆரம்பிக்கும். காற்று போக வேண்டுமென்றால் வலை மாதிரியான மெஷ் ஃபிளெக்ஸ் போடுங்கள்.

கேள்வி: கம்பத்தில் நிற்கும் போர்டு சாய்ந்துவிட்டது. அடியில் சூடு காட்டி நிமிர்த்திவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு தடவை வளைந்த இரும்பு அந்த இடத்தில் பழைய இரும்பில்லை, கம்பத்தின் அடியில் இருக்கும் பேஸ் பிளேட் தகட்டைச் சுற்றியுள்ள வெல்டிங்கிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். போர்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு அடிப்பக்கம் நெம்பப்படும், உயரம் இரண்டு மடங்கானால் நெம்புதலும் இரண்டு மடங்கு. கம்பத்தை மாற்றுங்கள். அஸ்திவாரக் கான்கிரீட்டும் கூடச் சேர்ந்து சாய்ந்திருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பாருங்கள், சாய்ந்திருந்தால் புதுக் கம்பம் வைத்தும் பிரயோஜனமில்லை. பெரிய கம்பப் போர்டுக்கு இன்ஜினியரிடம் கணக்கு வாங்கிக்கொள்ளுங்கள், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: டேப் போட்டு ஒட்டிய அக்ரிலிக் எழுத்துகளில் நடுவில் இரண்டு மட்டும் பறந்துவிட்டன. கடையின் பெயரே வேறு மாதிரி வாசிக்கிறது!

பதில்: சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நல்ல நுரை டேப்பாக இருந்தாலும் முழுப் பிடிப்புக்கு வர 72 மணி நேரம் வேண்டும், ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்திருக்க வேண்டும். நாம் சாயங்காலம் ஒட்டிவிட்டு ராத்திரியே ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறோம். அதோடு அக்ரிலிக் வெயிலுக்கு நன்றாக நீளும்: 1 மீட்டர் துண்டு 30 டிகிரி சூட்டு வித்தியாசத்துக்கு சுமார் 2 மில்லிமீட்டர். தினமும் இப்படி நீண்டு சுருங்கித்தான் ஒட்டு தளர்கிறது. பெரிய எழுத்துக்குப் பின்னால் ஸ்டட் (சின்னக் கம்பி) வைத்துச் சுவரில் இறக்குங்கள், எழுத்து நீள இடம் இருக்கும்படி துளையைக் கொஞ்சம் பெரிதாக விடுங்கள். விழாத எழுத்துகளையும் ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள்.

கேள்வி: உள்ளே தண்ணீர் போன எல்இடி போர்டைக் காயவைத்து எரியவிடலாமா?

பதில்: உள்ளே எரியும் சின்ன எல்இடி துண்டுகள் (மாட்யூல்கள்) பெரும்பாலும் 12 வோல்ட், பிழைத்தாலும் பிழைக்கும். பவர் சப்ளையில் தண்ணீர் புகுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

கேள்வி: பழைய ஃபிரேமே போதும், செலவு வைக்காதே என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தால்?

பதில்: ஒரு தடவை கூட்டிப் போய் அந்தத் துருவைத் தொட வையுங்கள். பாதிப்பேர் அங்கேயே சரி என்பார்கள். மீதிப்பேருக்கு நான் வேலை செய்வதில்லை. பில்லில் "கஸ்டமர் பொறுப்பில் பழைய ஃபிரேம்" என்று எழுதிக்கொண்டு மாட்டும் தம்பிகளைத் தெரியும், ஆனால் கீழே நடந்து போகிறவர் அந்தப் பில்லில் கையெழுத்துப் போடவில்லையே.