ட்ரெயில் கேமராவில் புல்லும் குரங்கும்தான் விழுகிறதா? தெற்கே திருப்புங்கள்

கேள்வி: அண்ணா, தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே வெருலம் பக்கம் எங்களுக்குத் தாத்தா காலத்துக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. கீழ்க்கோடியில் ஓடையை ஒட்டி ஒரு துண்டுக் காடு. அதில் ப்ளூ டைக்கர் என்கிற குட்டி மான் உண்டு என்று தாத்தா சொல்வார், நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மிருகம் நகர்ந்தால் தானே படம் எடுக்கும் ட்ரெயில் கேமரா ஒன்று வாங்கி மரத்தில் என் மார்பு உயரத்துக்குக் கட்டினேன். மூன்று வாரம் கழித்து மே கடைசியில் எடுத்துப் பார்த்தால் இரண்டாயிரம் படத்துக்கு மேல், எல்லாம் ஆடுகிற புல், இல்லையென்றால் குரங்கு. இரவுப் படங்கள் வெள்ளையாக வெளுத்துக் கிடக்கின்றன. பேட்டரியும் தீர்ந்துவிட்டது. கேமரா மட்டமா? வேறு வாங்கட்டுமா?

பதில்: வேறு வாங்காதீர்கள் தம்பி. கேமரா நன்றாகத்தான் வேலை செய்கிறது, கட்டின இடமும் உயரமும் திசையும்தான் தப்பு. மூன்றையும் காசு செலவில்லாமல் சரிசெய்யலாம்.

முதலில் அது எப்படிப் படம் எடுக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். லென்ஸுக்குக் கீழே மங்கலான பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கிறதே, அதுதான் சென்சார். அதற்கு மான் எது, குரங்கு எது என்று தெரியாது. சுற்றியிருக்கும் தரை, இலை இவற்றைவிட வேறு சூட்டில் இருக்கிற ஏதோ ஒன்று நகர்ந்தால் போதும், படம் எடுத்துவிடும். வெயிலில் காய்ந்து சூடேறிய புல் காற்றில் ஆடினாலும் அதற்கு அது மிருகம்தான். அதனால் கேமராவுக்கு முன்னால் நாலைந்து அடிக்குப் புல்லையும் தொங்கும் கிளையையும் வெட்டிவிடுங்கள். உங்கள் இரண்டாயிரத்தில் பெரும்பகுதி இதிலேயே போய்விடும். இரவு வெளுப்புக்கும் அநேகமாக இதே காரணம்தான்: கிட்டத்தில் தொங்குகிற இலை அகச்சிவப்பு ஃபிளாஷை அப்படியே திருப்பி லென்ஸுக்குள் அடிக்கிறது. வெட்டின பிறகும் வெளுத்தால் செட்டிங்கில் ஃபிளாஷைக் குறையுங்கள், அந்த வசதி இல்லையென்றால் விளக்குகளில் பாதியை மறைத்து வெள்ளை மாஸ்க்கிங் டேப் ஒட்டுங்கள். சென்சார் மேல் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.

அடுத்தது திசை. நீங்கள் அனுப்பிய காலைப் படங்களில் சூரியன் நேரே லென்ஸுக்குள் அடிக்கிறது, அதாவது கேமரா வடகிழக்கைப் பார்த்து நிற்கிறது. இணையத்தில் வாசித்துவிட்டு வடக்குப் பக்கமாகத் திருப்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வழிகாட்டிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்பட்டவை. அங்கே சூரியன் தெற்கு வானத்தில் போகும், அதனால் அவர்கள் வடக்கே திருப்பச் சொல்வது சரி. நமக்கு சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகிறது, குளிர்காலத்தில் இன்னும் அதிகமாக. ஆகவே இங்கே கேமரா தெற்கைப் பார்க்க வேண்டும். நானே ஒரு வருஷம் முழுக்க இந்தத் தப்பைச் செய்தேன், அந்த வருஷத்துப் படங்களில் பாதி வெளிறிப்போய் ஒன்றுக்கும் உதவவில்லை.

சரி, உயரம். ப்ளூ டைக்கர் தோள் வரைக்கும் 35 சென்டிமீட்டர்தான் இருக்கும், எடை நாலைந்து கிலோ, நம் வீட்டுப் பூனையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். மார்பு உயரத்தில் கட்டினால் அது கேமராவுக்குக் கீழேயே போய்விடும், சென்சாருக்குத் தெரியவே தெரியாது. முழங்காலுக்கும் கீழே, ஒரு முப்பது நாற்பது சென்டிமீட்டரில் கட்டுங்கள். தடத்திலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி இருக்கட்டும். தடத்துக்கு நேர்குறுக்கே வைத்தால் மிருகம் சட்டென்று கடந்துபோய் வால்தான் மிஞ்சும், தடத்தின் நேருக்கு வைத்தால் எதிரே நடந்து வருவதை சென்சார் தாமதமாகத்தான் உணரும். அதனால் கோணலாக, பாதிச் சாய்வாக வையுங்கள். கட்டின பிறகு முன்னால் நாலு காலில் தவழ்ந்து பாருங்கள், பையன்கள் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எந்த இடத்தில் வைப்பது? நீங்கள் குரங்குப் படங்களை வேண்டாதது என்று நினைக்கிறீர்கள், எனக்கு அதுதான் உங்கள் கார்டில் இருக்கிற நல்ல செய்தி. ப்ளூ டைக்கருக்கு உதிர்ந்த பழமும் இலையும் பூவும்தான் உணவு. மேலே குரங்கும் பறவையும் தின்றுகொண்டே பாதியைக் கீழே போடும், இது அடியில் வந்து பொறுக்கும். அதனால் குரங்குகள் திரும்பத் திரும்ப வருகிற காட்டு அத்தி மரம் எது என்று பாருங்கள், காலையில் அதன் அடியில் போய்க் குனியுங்கள். பல் பதிந்த பழம் கிடக்கிறதா? மிளகு அளவில் கறுப்பாகப் பளபளக்கும் புழுக்கைக் குவியல் இருக்கிறதா? ஈர மண்ணில் உங்கள் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதில்லாத இரட்டைக் குளம்பு பதிந்திருக்கிறதா? புதருக்குள் முழங்கால் உயரத்துக்கு ஒரு சுரங்கம் மாதிரி வழி போகும், உள்ளே தரை வழுவழுவென்று இலையில்லாமல் இருக்கும், அதுதான் அதன் தெரு. இந்த மான் ஜோடியாக ஒரு சின்ன எல்லைக்குள்ளேயே வாழ்வது, ஒரே வழியில்தான் போய்வரும். அந்த வழி பழ மரத்தடியைத் தொடும் இடத்தில் கட்டுங்கள். தீனி எதுவும் போடாதீர்கள், குரங்கும் புதர்ப்பன்றியும் பழகிவிட்டால் அப்புறம் உங்கள் சமையலறைக்கே வரும்.

ஒரே வழியில் போய்வருவதால்தான் இந்த மானைக் கண்ணியில் பிடிப்பதும் சுலபம். தடத்தைத் தேடும்போது கம்பிக் கண்ணி இருக்கிறதா என்றும் கவனியுங்கள். செடித்தண்டில் கட்டின பிரேக் கேபிள், துருப்பிடித்த வேலிக்கம்பி, இப்படித்தான் இருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். உங்கள் நிலம்தானே, படம் எடுத்து இடத்தைக் குறித்துக்கொண்டு உடனே அறுத்து எடுத்துவிடுங்கள், இந்த மாகாணத்து வனவிலங்குத் துறையான எசெம்வெலோவுக்கும் சொல்லுங்கள். ஒரு கண்ணியை எடுப்பது நூறு படத்தைவிட எனக்குப் பெரிது.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தைப்பூசக் காவடி சமயம், ஜனவரி பிப்ரவரி வெயிலில், இலையும் தரையும் மிருகத்தின் உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தில் வந்துவிடும், பக்கத்தில் நடந்தாலும் சென்சார் பேசாமல் இருக்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடி மாதம் நமக்கு இங்கே குளிர்காலம், மழை குறைவு, புல் அதிகம் வளராது, தரை குளிர்ந்திருக்கும், சூடான உடம்பு அதில் பளிச்சென்று தனியாகத் தெரியும். அதாவது நல்ல காலம் இப்போதுதான் தொடங்குகிறது. ஆனால் இதுவே கரும்பு வெட்டும் பருவமும் கூட. வெட்டுவதற்கு முன் தோகையை எரிக்கப் பக்கத்துத் தோட்டக்காரர் என்றைக்குத் தீ வைக்கிறார் என்று கேட்டு, முதல் நாளே கேமராவைக் கழற்றிவிட்டு, தீ அணைந்ததும் மறுபடி கட்டுங்கள். கரும்பிலிருந்து ஓடிவருகிற உயிரெல்லாம் உங்கள் துண்டுக் காட்டுக்குள்தான் ஒதுங்கும்.

பேட்டரிக்கு லித்தியம் போடுங்கள். விலை அதிகம்தான், ஆனால் அல்கலைன் பாதி தீர்ந்ததுமே ஃபிளாஷுக்கு வேண்டிய வோல்டேஜ் குறைந்துவிடும், லித்தியம் கடைசி வரை நின்று கொடுக்கும். பழையதோடு புதியதைக் கலக்காதீர்கள். இரவு வீடியோவை நிறுத்துங்கள், பேட்டரியைக் குடிப்பதே அதுதான். கார்டைக் கணினியில் அழிக்காமல் கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், எறும்பு ஏறாமல் இருக்கக் கேமராவைக் கட்டும் பட்டையில் கொஞ்சம் வாசலின்.

திருட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லியாக வேண்டும். எனக்கு இரண்டு கேமரா போயிருக்கிறது, இரண்டுமே ஆள் நடக்கிற ஒற்றையடிப் பாதையைப் பார்த்து நின்றவை. பூட்டும் கேபிளும் போடுங்கள், ஆனால் கண்ணில் படாமல் இருப்பதுதான் நிஜமான காவல். இரவில் சிவப்பாக மினுக்காத 940 நானோமீட்டர் ஃபிளாஷ் உள்ள மாடல் இதற்கு உதவும், 850 அளவுக்குத் தூரம் போகாது என்றாலும் மூன்று மீட்டருக்குத் தாராளமாகப் போதும். தண்ணீர் எடுக்கவோ விறகு பொறுக்கவோ வருகிறவர்கள் படத்தில் விழுந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள்.

இரவுப் படங்களில் புள்ளிபோட்ட நீள வால் பிராணி ஒன்று வரும், பூனை என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள், அது ஜெனட். ஒவ்வொன்றுக்கும் விலாப்புறப் புள்ளிகள் வேறு வேறு. கர்நாடகத்தின் நாகரஹோளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் 1990களில் வரிகளை ஒப்பிட்டுப் புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார், அதே வழியில் உங்கள் ஓடையில் எத்தனை ஜெனட் நடமாடுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

டைக்கருக்கு மட்டும் இரவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது பகல் பிராணி. புதிய இடத்தில் கட்டிவிட்டு மூன்று வாரம் அந்தப் பக்கமே போகாதீர்கள், உங்கள் வாசனை அடங்கட்டும். அப்புறம் கார்டை எடுத்ததும் விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைக்குமான படங்களை முதலில் திறங்கள். தாத்தாவும் பக்கத்தில் இருந்தால் நல்லது.