லத்தானியே கன்றுகளில் நீலம் எது, சிவப்பு எது?

மொரீசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஆறு லத்தானியே கன்றுகள் கிடைத்தன. நீலமும் சிவப்பும் கலந்திருப்பதாகச் சொன்னார். மழையில் பெயர்ச் சீட்டுகள் அழிந்துவிட்டன. எனக்கு ஆறும் சிவப்பாகவே தெரிகின்றன. வாசலில் நீலம்தான் வைக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது?"

லத்தானியே என்பது விசிறி போன்ற ஓலை விடும் பனை வகை மரம். ஆறும் சிவப்பாகத் தெரிவது இயல்புதான். நீல லத்தானியேயும் சின்ன வயதில் மட்டையிலும் ஓலை விளிம்பிலும் சிவந்தே இருக்கும். மட்டையை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லிவிடுவதால்தான் குழப்பம் வருகிறது. மட்டையை விட்டுவிட்டு ஓலையைப் பாருங்கள்.

எந்த ஓலை? அடியில் காய்ந்து வரும் கிழ ஓலையும் வேண்டாம், இன்னும் விரியாத குருத்தும் வேண்டாம். கடைசியாக முழுதும் விரிந்த ஓலையை எடுத்துக்கொள்ளுங்கள். காலை வெயிலில் ஆறு கன்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த ஓலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சிவப்பு லத்தானியே என்றால் நிறம் மட்டையோடு நிற்காது. நரம்புகளில் ஏறி, விரல் விரலாகப் பிரிந்த ஓலையின் ஓரமெல்லாம் ஓடி, ஓலைப் பரப்பிலேயே ஒரு கருஞ்சிவப்புச் சாயல் படிந்திருக்கும். நீலத்தில் சிவப்பு மட்டையிலும் விளிம்பிலும் நடு நரம்பிலும் நின்றுவிடும். இடைப்பட்ட பரப்பு சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும். கன்று வளர வளர அந்தச் சாம்பல் நீலம் கூடிக்கொண்டே போகும்.

மூன்றாவதாக மஞ்சள் லத்தானியேயும் உண்டு. அதன் மட்டையும் விளிம்பும் நரம்பும் மஞ்சளோ ஆரஞ்சோ ஆக இருப்பதால் அதைப் பிரிப்பது சுலபம்.

மட்டையோரத்தில் கருக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துப் பயனில்லை, இளங்கன்றில் மூன்றுக்கும் அது இருக்கலாம். உயரமும் அடையாளம் ஆகாது. நிழலில் வைத்த கன்றில் நிறம் மங்கிவிடும் என்பதால், மாமரத்தடியில் வைத்திருந்தால் முதலில் வெயிலுக்குப் பழக்குங்கள், அதையும் மெல்ல மெல்ல. இரண்டு மூன்று ஓலை மட்டுமே விட்ட கன்றுக்கு இப்போதே பெயர் வைக்காதீர்கள். ரொம்பவும் காலம் கடத்தவும் கூடாது, ஏனென்றால் வளர்ந்த சிவப்பு லத்தானியேயில் இந்தச் சிவப்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

இன்னொரு சாட்சி பையின் மண்ணுக்குள் இருக்கலாம். லத்தானியே நம் பனைக்கு நெருங்கிய உறவு. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. காய்க்குள் பெரும்பாலும் மூன்று கொட்டைகள். அந்தக் கொட்டை ஓட்டின் மேல் செதுக்கியதுபோல் மேடுபள்ளங்கள் இருக்கும், அந்த அமைப்பு இனத்துக்கு இனம் மாறும். மேல் மண்ணை விரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். பழைய ஓடு கிடைத்தால் கழுவி, எந்தக் கன்றுடையது என்று எழுதி வையுங்கள். பெயர் உறுதியாகத் தெரிந்த பெண் மரத்தடியில் விழுந்த கொட்டையோடு ஒப்பிட்டால், நிறம் காட்டாததையும் அது காட்டிவிடும்.

இத்தனை பார்த்தும் ஒன்றிரண்டு கன்றுகள் இரண்டிலும் சேராமல் நிற்கக்கூடும். அவை கலப்பாக இருக்கலாம். இயற்கையில் நீலம் மொரீசியஸிலும், சிவப்பு ரீயூனியன் தீவிலும், மஞ்சள் ரொட்ரீக்ஸ் தீவிலும் தனித்தனியே வளர்ந்தவை. தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நட்டால் மூன்றும் எளிதாகக் கலந்துவிடும். ஆகவே, கன்று தந்தவரிடம் தாய்மரம் எது என்பதோடு, அருகில் எந்த ஆண் மரம் நின்றது என்றும் கேளுங்கள்.

இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நீல லத்தானியே இந்த நாட்டின் சொந்த மரம். வடக்கே ரவுண்ட் தீவில் ஆடும் முயலும் கன்றுகளை மேய்ந்து தீர்த்துக்கொண்டிருந்தன. 1979-க்குள் ஆடுகளும், 1986-இல் முயல்களும் அகற்றப்பட்ட பிறகுதான் அங்கே இளங்கன்றுகள் தலையெடுத்தன. கலப்புக் கன்று உங்கள் வாசலுக்கு அழகுதான், தாராளமாக நடலாம். ஆனால் நாளை அது காய்த்தால், நாட்டு மரம் நடுகிறவர்களுக்கு நீலம் என்று சொல்லி அதன் கொட்டையைக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, நடும்போது கவனிக்க வேண்டியது: வேர் நேராகக் கீழே ஆழமாக இறங்கும், அறுந்தால் கன்று தேறுவது கடினம். தீர்மானம் ஆகும்வரை ஆழமான பையில் வையுங்கள். நடும் நாளில் பையைக் கத்தியால் கிழித்து, மண் உதிராமல் அப்படியே குழியில் இறக்குங்கள். நல்ல வெயில் விழும், தண்ணீர் தேங்காத இடமாக இருக்கட்டும்.